குறைந்த செலவில் நிறைந்த உணவு

மாதத்தின் கடைசிப் பத்து நாட்களில் உங்கள் வீட்டுக் குசினியில் முதலில் எது இல்லாமல் போகிறது என்பதை எப்போதாவது அவதானித்திருக்கிறீர்களா? தேயிலை இருக்கும். சீனி இருக்கும், முடிந்தாலும் கடைக் கொப்பியில் எழுதியாவது வந்து சேரும். பால்மாவும் அப்படித்தான். விருந்தாளி வந்தால் வைப்பதற்கென்று ஒரு பிஸ்கட் பைக்கற்றும் அலுமாரியில் இருக்கும். குறைவது முட்டை. அதற்குப் பிறகு மீன். அதற்கும் பிறகு, பருப்பு ஆணத்தில் இருக்கும் பருப்பு. சட்டி அதே சட்டிதான், ஆணத்தின் நிறமும் அதே நிறந்தான், ஆனால் அகப்பையை விட்டுத் துழாவினால்தான் பருப்பு அகப்படும். முடிவில் பிள்ளையின் பீங்கானில் இருப்பது மலைபோல் சோறும் அதன்மேல் மஞ்சள் தண்ணீரும்.

காலையில் முதலாம் பாடவேளைக்கு வகுப்புக்குப் போகின்ற எந்த ஆசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள். மேசையில் தலையைச் சாய்த்திருக்கும் பிள்ளையிடம், "என்ன சாப்பிட்டாய்?" என்று விசாரித்தால், "தேத்தண்ணியும் பிஸ்கட்டும், சேர்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். இது வறிய குடும்பத்துப் பிள்ளைகளிடம் மட்டும் கேட்கும் பதிலல்ல. இரண்டு சம்பளம் வருகின்ற வீட்டுப் பிள்ளைகளும் இதையே சொல்கிறார்கள். ஆகவே பணம் இல்லாதது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. இருக்கும் பணம் எதற்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

விலைவாசியைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டு இதை எழுதவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருட்களின் விலையேற்றம் ஆண்டுக்கு ஆண்டு 94.9 வீதமாக இருந்தது. அதாவது ஒரு வருடத்துக்கு முன் நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறக்குறைய இருநூறு ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. 2023இல் தணிந்தது விலையேற்றத்தின் வேகமே. விலைகள் பழைய இடத்துக்கு இறங்கிவிடவில்லை. சம்பளமும் அந்த வேகத்தில் ஏறவில்லை. இந்த நெருக்கடியில் குடும்பம் நடத்துகின்ற சகோதரிகளுக்குச் சிக்கனம் என்றால் என்னவென்று யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. எதைக் குறைப்பது, எதைக் குறைக்கக் கூடாது என்பதைப் பற்றி மட்டுமே இங்கு பேச விரும்புகிறேன்.

கடைச் சிட்டையைக் கையில் எடுங்கள்

போன மாதத்துச் சிட்டையை எடுத்து, ஒவ்வொரு பொருளும் உடம்புக்கு என்ன தருகிறது என்று எழுதிப் பாருங்கள். அரிசி, மா, கிழங்கு ஆகியவை உடம்புக்குச் சக்தி தருபவை. எமது வீடுகளில் இவற்றுக்குக் குறைவில்லை. வளரும் பிள்ளைக்கும், கர்ப்பிணித் தாய்க்கும், நோயிலிருந்து எழும்பியவருக்கும் தட்டுப்படுவது புரதமும் இரும்புச் சத்தும் விற்றமின்களுமேயாகும்.

புரதத்துக்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ மைசூர்ப் பருப்பில் சுமார் 240 கிராம் புரதம் உண்டு. பாசிப்பயறும் கௌபியும் ஏறக்குறைய அதே அளவு தரும். கொண்டைக்கடலை சற்றுக் குறைவு, 200 கிராம் அளவில். ஒரு கிலோ கோழி வாங்கினால் எலும்பும் கழிவும் போக உண்மையில் கிடைப்பது 130 கிராம் வரைதான். 400 கிராம் பால்மாப் பைக்கற்றில் 100 கிராம் அளவு. ஒரு முட்டையில் 6 கிராம், ஆகவே இருபது முட்டையில் 120 கிராம். நெத்தலிக் கருவாட்டில் எடையில் பாதிக்குக் குறையாமல் புரதம் இருக்கிறது. இனி உங்கள் ஊர்க் கடையில் இன்றைய விலையை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதி, விலையைப் புரதத்தால் பிரியுங்கள். விலை கிழமைக்குக் கிழமை மாறும் என்பதால் நான் அதை இங்கே எழுதவில்லை. ஆனால் பருப்பும் பயறும் எந்தக் கிழமையிலும் பட்டியலின் மலிவான பக்கத்தில்தான் நிற்கும். பால்மா அங்கே நிற்காது.

பால்மாவைப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். சிறு பிள்ளைகளுக்குப் பால் நல்லது. அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் வளர்ந்த நான்கு பேர் நாளுக்கு மூன்று தடவை தேநீரில் கரைத்துக் குடிக்கும் பால்மா, உணவல்ல, பழக்கம். அந்தப் பைக்கற்றின் பணத்தில் பருப்பு வாங்கினால் என்ன கிடைக்கும் என்பதை மேலேயுள்ள கணக்கே சொல்லிவிடும்.

சீனியும் அப்படித்தான். ஒருவர் நாளுக்கு நான்கு கோப்பைத் தேநீர், கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ சீனி ஒருவருக்கே போய்விடுகிறது. உணவோடு சேர்க்கும் சீனியை நாளொன்றுக்கு சுமார் 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி அளவுக்குக் குறைத்துக்கொள்வது நல்லதென உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. எமது வீடுகளில் அந்த அளவு லுஹருக்கு முன்னரே முடிந்துவிடுகிறது. நீரிழிவு இல்லாத வீடு எமது சமூகத்தில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

சோறும் பருப்பும்

சோற்றையும் பருப்பையும் சேர்த்து உண்ணும் வழக்கத்தை எமது முன்னோர் எந்தப் புத்தகத்தையும் பார்த்து ஏற்படுத்தவில்லை. ஆனால் அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அரிசியின் புரதத்தில் லைசீன் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைவாயுள்ள மெதியோனைன் அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பிவிடுகிறது. பருப்பைத் தண்ணீராக்கினால் இந்தக் கூட்டு முறிந்துபோகிறது. ஆறு பேருள்ள வீட்டில் ஒரு வேளைக்கு 200 கிராம் பருப்புக்குக் குறையாமல் போடுங்கள். ஆளுக்கு 8 கிராம் புரதம் அதிலேயே வந்துவிடும். அதனுள் இரண்டு கைப்பிடி முருங்கைக் கீரையை இறக்குவதற்குச் சற்று முன் போட்டு, உள்ளியும் சின்னச்சீரகமும் தாளித்துக் கொட்டினால் வேறு கறி இல்லாமலேயே பிள்ளைகள் சாப்பிடுவார்கள்.

அரிசியில் புழுங்கலரிசியே நல்லது. நெல்லை அவிக்கும்போது உமிக்கு அண்டையிலுள்ள பி விற்றமின்களில் ஒரு பகுதி மணியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. பச்சையரிசியை வெள்ளைவெளேரென்று தீட்டி, ஐந்தாறு தண்ணீரில் கழுவி, கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் மிஞ்சுவது வயிறு நிரப்பும் மாச்சத்து மட்டுமே. கல்லும் தூசும் போக இரண்டு தண்ணீர் போதும். கஞ்சியைக் கொட்டாமல், உப்பும் சிறிது தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பாடசாலை போகும் பிள்ளைக்குக் காலையில் கொடுக்கலாம். தேத்தண்ணியையும் பிஸ்கட்டையும் விட அது எவ்வளவோ மேல்.

காலையுணவுக்கு அவித்த பயறு அல்லது கௌபியோடு கொஞ்சம் தேங்காய்ப்பூவும் கட்டைச் சம்பலும் எமது நாட்டில் எல்லாச் சமூகத்தாரும் அறிந்த உணவு. பலரும் விட்டுவிட்டதற்குக் காரணம், அவிய நேரமெடுக்கும், எரிவாயு செலவாகும் என்பதே. அது நியாயமான காரணம். 2021 ஒக்டோபர் வரை 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் அந்த மாதமே 2,675 ரூபாவாகி, 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவுக்கு ஏறியது. பின்னர் இறங்கினாலும் பழைய விலை திரும்பவில்லை.

இதற்கு வழி இருக்கிறது. இஷாவுக்குப் பிறகு பயற்றைத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். சுபஹுக்கு எழும்பும்போது அது ஊறிப் பருத்திருக்கும். அவியும் நேரம் வெகுவாகக் குறையும். பிரஷர் குக்கர் இருந்தால் இன்னும் எளிது. இல்லாதவர்கள், ஊறிய பயற்றைப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடியை இறுக்கி, சட்டியைப் பழைய போர்வையால் சுற்றி ஒரு பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். அடுப்பில்லாமலேயே ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்தில் அதன் சொந்தச் சூட்டில் அவிந்துவிடும். சாப்பிடுமுன் ஒரு தடவை கொதிக்க வைக்க வேண்டும். ஆறி வெதுவெதுப்பாகும்வரை அப்படியே விட்டுவிடக் கூடாது. சோற்றுக்கும் இம்முறை சரிவரும்.

மலிவான மீன், மறந்துபோன மரம்

மீன் என்றால் அறுக்குளாவும் பாரையும்தான் என்று எண்ணுகிறவர்கள் அதிகம். சூடை, சாளை, காரல், நெத்தலி போன்றவற்றை வாங்கினால் வீட்டுக்கு வந்தவர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சமும் சிலரிடம் உண்டு. உண்மையில் பெரிய மீனின் துண்டில் கிடைக்காத ஒன்று சிறு மீனில் கிடைக்கிறது. அதை முள்ளோடு உண்ணலாம். முள்தான் கல்சியம். கொறக்காய் போட்டு, மண்சட்டியில் சிறு நெருப்பில் வற்றவிட்டால் சாளையின் முள் பல்லுக்குத் தெரியாமல் மெலிந்துவிடும். பால்மாவிலிருந்து எதிர்பார்க்கும் கல்சியத்தில் ஒரு பங்கை இந்தச் சட்டியே தந்துவிடும். கரையோரத்தில் இருப்பவர்களுக்கு இது எளிது. மலைநாட்டில் இருப்பவர்களுக்கு நெத்தலிக் கருவாடு இருக்கிறது. உப்பு அதிகம் என்பதால் சுடுதண்ணீரில் கழுவிய பிறகே சமைக்க வேண்டும்.

மலைநாட்டாருக்கும் தென்பகுதியாருக்கும் பலாவும் ஈரப்பலாவும் இருக்கின்றன. சிங்கள மக்கள் பலாவை "பத் கஸ", அதாவது சோற்று மரம் என்பார்கள். கடந்த நூற்றாண்டில் பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வீ. டயஸ் என்பவர் நாடு முழுவதும் பலாக்கன்று நடுவிப்பதை ஓர் இயக்கமாகவே நடத்தி, "கொஸ் மாமா" என்று பெயரெடுத்தார். அரிசி தட்டுப்பட்ட காலங்களில் அந்த மரங்கள் எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றின. எமது வளவுகளில் நிற்கும் மரத்தில் பழுத்து விழுந்து ஈ மொய்க்கும்வரை விட்டுவிட்டு, கடையில் பாணுக்கு வரிசையில் நிற்கிறோம்.

ஆனால் ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்ளுங்கள். பலாக்காயும் ஈரப்பலாக்காயும் மரவள்ளிக்கிழங்கும் சோற்றின் இடத்துக்கு வரலாமே தவிர, பருப்பின் இடத்துக்கும் மீனின் இடத்துக்கும் வர முடியாது. பொலஸ் ஆணம் பார்வைக்கும் வாய்க்கும் இறைச்சிபோல் இருக்கலாம். உடம்புக்கு இறைச்சியின் வேலையை அது செய்யாது. கிழங்கு அவித்த அன்று மாசிச் சம்பலோ நெத்தலிப் பொரியலோ பக்கத்தில் இருக்க வேண்டும். மரவள்ளியைத் தோல் நீக்கி, நிறையத் தண்ணீரில், சட்டியை மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்பதையும் புதிதாகக் குடும்பம் நடத்துபவர்களுக்கு நினைவூட்டுகிறேன். கசக்கும் கிழங்கைச் சாப்பிடவே கூடாது.

வளவில்லாத நகரத்து வீடுகளில் என்ன செய்வது? சந்தையில் ஒரு பிடி பொன்னாங்கண்ணி வாங்கும்போது இலையை ஆய்ந்துவிட்டுத் தண்டை எறிந்துவிடுகிறோம். அந்தத் தண்டில் நான்கை ஒரு பழைய வாளியில் மண் நிரப்பி ஊன்றிவிடுங்கள். அதுவே வேர்பிடித்துத் துளிர்க்கும். கீரையை அரிந்த பிறகு கழுவாமல், கழுவிய பிறகே அரியுங்கள். தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டும்போது நெருப்பு இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அந்தத் தேங்காய்ப்பூ வெறும் சுவைக்கல்ல. கீரையிலுள்ள ஏ விற்றமினை உடம்பு எடுத்துக்கொள்வதற்குக் கொழுப்பு தேவை. இறக்கிய பிறகு தேசிக்காய் பிழிவதும் வெறும் புளிப்புக்கல்ல. கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்புச் சத்து எளிதில் உடம்பில் சேராது. தேசிக்காயின் சீ விற்றமின் அதைச் சேர்த்துவைக்கிறது.

இறைச்சியும் விருந்தும்

இறைச்சி ஆக்கினால் ஆளுக்கு நான்கு துண்டு இருக்க வேண்டும் என்பது எமது பெருமை. ஆணம் காய்ச்சினால் தண்ணீரைக் கூட்டி அயலவரையும் கவனிக்கும்படி நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரழி) அவர்களுக்குச் சொன்ன செய்தி முஸ்லிம் கிரந்தத்தில் பதிவாகியுள்ளது. கால் கிலோ மாட்டிறைச்சியைச் சிறிதாக வெட்டி, கடலைப்பருப்போடும் உருளைக்கிழங்கோடும் ஒரு பெரிய சட்டி ஆணமாகக் காய்ச்சினால் ஆறு பேருக்கும் போதும். பக்கத்து வீட்டுக்கும் ஒரு கோப்பை போகும். இறைச்சி சிறிதளவு சேர்ந்தாலே போதும், அதே வேளையில் உண்ணும் பருப்பிலுள்ள இரும்புச் சத்தும் கூடுதலாக உடம்பில் சேரும்.

விருந்து வேறு விஷயம். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றால் மூன்று மாதத்துக்குக் கடன் ஏறும் அளவுக்கு ஸஹன் வைக்கிறோம். ஸபிய்யா (ரழி) அவர்களை மணமுடித்து, கைபரிலிருந்து திரும்பும் வழியில் நபி (ஸல்) அவர்கள் கொடுத்த வலீமாவில் ரொட்டியும் இருக்கவில்லை, இறைச்சியும் இருக்கவில்லை. பேரீச்சம்பழமும் உலர்ந்த தயிர்க்கட்டியும் நெய்யும்தான் இருந்தன. இதை மிம்பரில் எத்தனையோ தடவை கேட்டிருப்பீர்கள். கேட்டுவிட்டு வெளியே வந்து, எந்த வீட்டுக் கலியாணத்தில் எத்தனை வகைக் கறி என்றுதான் பேசிக்கொள்கிறோம்.

ரமழானிலும் இதே கதைதான். பகல் முழுவதும் அடுப்பு மூட்டாத மாதத்தில் கடைக் கணக்கு மற்ற மாதங்களைவிடக் கூடுகிறது என்றால் அது எதற்காக என்று பாருங்கள். பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியைப் பாருங்கள்: அரிசி, தேங்காய்ப்பால், உள்ளி, வெந்தயம், சிறிது இறைச்சி. பசித்த வயிற்றுக்கு அதைவிடப் பொருத்தமான உணவைத் தேடிப் பிடிப்பது கடினம். அதைக் குடித்துவிட்டு, எண்ணெயில் பொரித்த ஐந்து வகைக்கும் நிறமூட்டிய சர்பத்துக்கும்தான் காசு போகிறது.

கடைசியாகச் சாப்பிடுபவர்

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தாலும் ஒரு விஷயம் பாக்கியிருக்கிறது. சட்டியில் என்ன இருக்கிறது என்பது ஒன்று, யாருடைய பீங்கானுக்கு என்ன வருகிறது என்பது வேறொன்று. எமது வீடுகளில் வாப்பாவுக்கு நடுத்துண்டு. ஆண் பிள்ளைகளுக்கு அடுத்த துண்டுகள். பிறகு பெண் பிள்ளைகள். உம்மா எல்லோரும் எழும்பிய பிறகு குசினியில் நின்றபடி சட்டியை வழித்துச் சாப்பிடுகிறார். அதில் மீனிருக்காது, ஆணம் இருக்கும். "எனக்கு மீன் பிடிக்காது" என்று எத்தனையோ உம்மாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்கள் எல்லோருக்கும் மீன் பிடிக்காமல் போனது எப்படி என்று ஆண்கள் யாரும் யோசித்ததில்லை.

மாதந்தோறும் இரத்தம் இழப்பவரும், பிள்ளை சுமப்பவரும், பால் கொடுப்பவரும் பெண்ணே. வீட்டில் இரும்புச் சத்து அதிகமாகத் தேவைப்படுபவர் அவர்தான். படியேறினால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, எந்நேரமும் களைப்பு என்று சொல்லும் பெண்ணைச் சோம்பேறி என்று பழிக்குமுன் ஒரு தடவை இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். மனைவியின் வாயில் கணவன் இடும் ஒரு கவளத்துக்கும் நற்கூலி உண்டென நபி (ஸல்) அவர்கள் ஸஃத் இப்னு அபீவக்காஸ் (ரழி) அவர்களிடம் கூறியதை நிக்காஹ் மேடையில் நாங்கள் அழகாக விளக்குகிறோம். வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கவளம் யாருடைய வாய்க்குப் போகிறது?

ஒரு வழி, கலியாண வீட்டுக்கு மட்டுமே வெளியே வரும் அந்த ஸஹனை வீட்டிலும் இறக்குவது. உம்மாவும் வாப்பாவும் பிள்ளைகளும் அதைச் சுற்றி ஒன்றாக உட்கார்ந்தால் மீன் எங்கே போகிறது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். சிறிய பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அவர்களின் பங்கை மட்டும் தனியாக எடுத்துவைக்க வேண்டும்; பெரியவர்களின் வேகத்துக்கு அவர்களால் சாப்பிட முடியாது.

அரசாங்கம் கர்ப்பிணித் தாய்மாருக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், எடை குறைந்த சிறு பிள்ளைகளுக்கும் கிளினிக் ஊடாக இலவசமாக வழங்கும் திரிபோஷாவும் இப்படித்தான் பங்கு போகிறது. சோளமும் சோயாவும் சேர்ந்த அந்த மாவை உருண்டை பிடித்து மாமியார் முதல் அடுத்த வீட்டுப் பிள்ளைவரை ருசி பார்க்கிறார்கள். யாருடைய பெயரில் வந்ததோ அவருக்கு இரண்டு நாளைக்கும் மிஞ்சுவதில்லை. மருத்துவமாது எழுதிக் கொடுத்த ஆளுக்கே அது உரியது.

தேநீருக்கும் இதில் பங்குண்டு. சோறு தின்ற கையோடு குடிக்கும் தேநீர், அந்தச் சோற்றோடு உண்ட கீரையிலும் பருப்பிலும் இருந்த இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. ஒரு மணித்தியாலம் பிந்திக் குடித்தால் போதும். கிளினிக்கில் தரும் இரும்புச் சத்து மாத்திரையையும் சில சகோதரிகள் தேநீரோடு விழுங்குகிறார்கள். அதைத் தண்ணீரோடு விழுங்குங்கள். வீட்டில் தேசிக்காய் இருந்தால் அந்தத் தண்ணீரில் பாதி பிழிந்துகொள்ளுங்கள்.